மீனுக்கு ஏணி வெச்சா போதுமா, மாப்ள?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில தலைப்புகள் மனப்பாடம். 'இன்றைய தங்கம் விலை', 'நாளை எந்தெந்த மாவட்டங்களில் மழை', காவிரியில் வெள்ளம் வந்துவிட்டால் 'வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்'. இந்தக் கடைசித் தலைப்பை எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கீபோர்டில் 'வீ' தட்டினாலே மீதியை விரல்கள் முடித்துவிடும்.

2024 ஜூலை கடைசியில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியது. உபரி நீர் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. அன்றும் அதே தலைப்பைத்தான் வைத்தேன்.

அதே ஷிஃப்ட்டில் இன்னொரு வேலையும் வந்தது. வெளிநாட்டு அணை ஒன்றில் மீன்கள் படிப்படியாகத் தாவி மேலேறும் ஒரு நிமிட வீடியோ. 'அணையைத் தாண்ட மீன்களுக்கு ஏணி! நம்ம ஊரில் எப்போது?' என்று கேப்ஷன் போட்டேன். ஷேர் பிய்த்துக்கொண்டு போனது.

நான் எழுதும் எதையும் அப்பா விடமாட்டார். படித்தாரோ இல்லையோ, லிங்க்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிவிடுவார். அன்று இரவு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்பாவின் பள்ளிக்கூட நண்பர், காரைக்காலில் ஃபைபர் படகு வைத்திருக்கும் மாமா.

"மாப்ள, உன் ரெண்டு நியூஸையும் பாத்தேன். ஒண்ணுல கடலுக்குத் தண்ணி போறது வீண்ங்கிற. இன்னொண்ணுல மீனுக்கு ஏணி வைக்கணுங்கிற. தண்ணியே கடலுக்கு வரலைன்னா மீன் எதைப் பாத்து ஏணிக்கு வரும்?"

இருபது நொடிதான். நான் மூன்று முறை கேட்டேன். பதில் அனுப்பத் தெரியவில்லை. 'ஊருக்கு வரேன் மாமா, பேசலாம்' என்று மட்டும் தட்டினேன்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பஞ்சாயத்து

அந்த வாரக் கடைசியில் ஆடிப்பெருக்கு. ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அம்மா குடத்தில் பிடித்து வைத்த தண்ணீருக்கு மஞ்சள், பூ வைத்துக் கும்பிட்டார். ஆடியில் காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் காதோலை, கருகமணி, சித்ரான்னம் எல்லாம்.

சாயங்காலம் அப்பாவும் மாமாவும் வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குத் திருநள்ளாறு பக்கம் கொஞ்சம் நிலம். கடைமடை விவசாயி. மாமாவுக்குக் கடலும் அரசலாற்று முகத்துவாரமும். ஒருவர் ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்பப் பார்ப்பவர். இன்னொருவர் அது கடலுக்கு வர வேண்டும் என்பவர். நாற்பது வருடமாக இந்தச் சண்டை நடக்கிறது. டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் முடியும்.

"எங்க வயலுக்கே தண்ணியக் காணோம். உன் மீனுக்கு வேற தனியா விடணுமாடா?" என்றார் அப்பா.

"உன் வயலுக்கு வந்தாத்தான்டா என் மீனுக்கு வரும். உன்னைத் தாண்டித்தானே நான் இருக்கேன்" என்றார் மாமா.

பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, உல்லம் தின்னிருக்கியா?" என்று கேட்டார்.

இல்லை. பெயர்கூட அன்றுதான் சரியாகக் காதில் விழுந்தது.

"நானே ஆத்துல பாத்ததில்ல. எங்க தாத்தாதான் சொல்வாரு. வெள்ளம் வந்தா ஆத்துக்குள்ள ஏறும்னு. இப்ப எப்பவாச்சும் கடல்ல வலையில ஒண்ணு ரெண்டு படும். அவ்ளோதான்."

உல்லம் என்கிற இலிசா

சென்னைக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். மாமா சொன்ன உல்லம் வேறு ஏதோ மீன் இல்லை. வங்காளிகள் உயிரை விடும் 'இலிசா' அதுதான். வங்கதேசத்தின் தேசிய மீன். ஆந்திரத்தில் கோதாவரிக்குள் ஏறி வரும்போது அதற்குப் பெயர் 'புலசா'. உடம்பெல்லாம் கொழுப்பு, வாயெல்லாம் முள்.

அது வளர்வது கடலில். முட்டையிடுவது ஆற்று நன்னீரில். தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி, கலங்கிய புதுத்தண்ணீர் முகத்துவாரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்கும்போது, சினை மீன்கள் அந்த நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றுக்குள் ஏறும். நம் பெண்கள் ஆற்றங்கரையில் மசக்கைக்காரிக்குச் சித்ரான்னம் படைக்கும் அதே ஆடி வெள்ளம்தான், ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் சினை மீன்களையும் மேலே கூப்பிட்டிருக்கிறது.

காவிரியில் இந்தப் பயணத்துக்கான பெரிய வழி கொள்ளிடம். அங்கே முதலில் குறுக்கே வந்தது அணைக்கரையில் இருக்கும் கீழணை. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது. ஏணி இல்லாமல் மீன் தவிக்கிறது என்பது என் வீடியோ கண்டுபிடித்த செய்தி என்று நினைத்திருந்தேன். அதை 150 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றி ஆய்வு செய்தவர், 1873-ல் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையிலேயே அணைகள் மீன்களின் வழியை மறிப்பதை எழுதியிருக்கிறார். கீழணையில் உல்லத்துக்காக மீன்வழி அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதராஸ் மீன்வளத்துறையினர் கொள்ளிடத்தில் உல்லத்தைப் பிடித்து, சினையை எடுத்து, செயற்கையாகக் கருவுறச் செய்யவும் முயன்றிருக்கிறார்கள்.

அப்புறம் 1934. மேட்டூர் அணை. தரையிலிருந்து 214 அடி உயரம். 93.47 டி.எம்.சி கொள்ளளவு. டெல்டாவுக்குச் சோறு போடும் அணை. அது வந்த சில ஆண்டுகளிலேயே கீழே உல்லம் குறைந்துவிட்டது. மதராஸ் மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ், 'அணைகளும் மீன்வளமும்: மேட்டூர் இந்தியாவுக்குச் சொல்லும் பாடங்கள்' என்ற பொருளில் 1941-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அணை கட்டி ஏழே வருடங்களில் 'பாடம்' என்று எழுத வேண்டியிருந்திருக்கிறது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேட்டூரில் இருக்கும் சுவர் மட்டும் பிரச்னை என்றால், அதற்குக் கீழே கடல்வரை இருக்கும் அத்தனை தூரத்தில் உல்லம் பிழைத்திருக்க வேண்டுமே? பிழைக்கவில்லை. ஏனென்றால் ஜூன், ஜூலையில் கடலுக்கு வந்துகொண்டிருந்த முதல் வெள்ளத்தை அணை பிடித்து வைத்துக்கொண்டது. ஆறு கூப்பிடவே இல்லை. மாமா இருபது நொடியில் கேட்டது இதைத்தான்.

ஏணி எப்படி வேலை செய்கிறது?

நான் ஷேர் செய்த வீடியோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். மீன் ஏணி ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. அணையின் பக்கவாட்டில் சிறு சிறு தொட்டிகளைப் படிக்கட்டு மாதிரி கட்டி, மேலிருந்து தண்ணீரை வழியவிடுவார்கள். மீன் ஒரு தொட்டியில் இளைப்பாறி, அடுத்த தொட்டிக்குத் தாவும். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில் 1938-லிருந்தே இப்படிப்பட்ட ஏணிகள் உண்டு. கண்ணாடி ஜன்னல் வைத்து, ஏறும் மீன்களை எண்ணுகிறார்கள்.

ஆனால், அந்த ஏணிகளில் ஏறும் சால்மன், தாவுவதற்கென்றே பிறந்த மீன். நம் உல்லம் தாவாது. நீந்தும், அவ்வளவுதான். கையில் பிடித்தால் செதில் உதிர்ந்து சீக்கிரமே செத்துப்போகும் அளவுக்கு மென்மையானது. அதற்கு ஏணி வேண்டுமென்றால் படிகள் உயரமாக இருக்கக் கூடாது. சாய்வான கால்வாய் மாதிரி, அல்லது கப்பல் பூட்டு மாதிரி மதகுகளைத் திறந்து மூடி ஏற்றும் அமைப்பு வேண்டும். மேட்டூர் மாதிரி அணைக்குப் படிக்கு ஓர் அடி என்று வைத்தாலும், 120 அடி நீர்மட்டத்துக்கு 120 தொட்டிகள்!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏறுவது பாதிக் கதைதான். முட்டையிட்ட மீனும் குஞ்சுகளும் திரும்பக் கடலுக்கு இறங்க வேண்டும். நீர்மின் நிலையம் இருக்கும் இடத்தில் தண்ணீரின் பெரும்பங்கு டர்பைன் வழியாகத்தான் போகும். சுழலும் தகடு அடிக்கலாம். சட்டென்று மாறும் நீரழுத்தத்தில் உள்ளுறுப்புகள் சிதையலாம்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது விலாங்கு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் கிண்டல் செய்யும் அதே விலாங்கு. உல்லத்துக்கு நேர்மாறான வாழ்க்கை அதற்கு. நடுக்கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரியான குஞ்சாக முகத்துவாரம் வந்து, ஆற்றில் பல வருடங்கள் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும். ஏறும்போது குஞ்சு ஈரமான சுவரில்கூட ஊர்ந்துவிடும். ஐரோப்பாவில் அதற்காகத் தூரிகை நார்கள் பதித்த தனிச் சரிவுகளே வைக்கிறார்கள். இறங்கும்போதோ அது நீண்டு வளர்ந்த பெரிய மீன். நீளம் கூடக் கூட, டர்பைன் தகட்டில் அடிபடும் வாய்ப்பும் கூடும்.

முகத்துவாரத்தை நம்பி வாழ்வது இந்த இரண்டும் மட்டும் இல்லை. ஆற்று இறால் குஞ்சு பொரிப்பது உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில், வளர்வது ஆற்றில். கொடுவா முட்டையிடுவது கடலோரத்தில், இளமையில் மேய்வது கழிமுகத்திலும் ஆற்றிலும். காரைக்கால் மார்க்கெட்டில் கொடுவாவுக்கு விலை கேட்டுவிட்டு, வாங்காமல் நகர்ந்தவர்களுக்குத் தெரியும், அதன் மதிப்பு.

காரைக்காலில் அணையே இல்லையே?

உண்மைதான். எங்கள் ஊரில் நீர்மின் நிலையம் கிடையாது. இருக்கவும் முடியாது. ஊரே கடலோடு படுத்துக் கிடக்கும் சமவெளி. திருமலைராயன்பட்டினத்தில் இருப்பது எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின் நிலையம். ஆனால், ஆற்றின் கடைசியில் இருப்பவர்களுக்கு மேலே நடப்பதெல்லாம் சொந்த விஷயம்.

காவிரியில் நீர்மின்சாரம் தொடங்கியது 1902-ல், கர்நாடகத்தின் சிவனசமுத்திரத்தில். கோலார் தங்கவயலுக்கு விளக்கும் மோட்டாரும் ஓட அங்கிருந்து மின்சாரம் போனது. அங்கே இயற்கையாகவே பெரிய அருவி. உல்லம் அதைத் தாண்டிப் போயிருக்காது. மேட்டூர் கதை வேறு. இன்று மேட்டூர் அணையில் இரண்டு நீர்மின் நிலையங்கள், 250 மெகாவாட். அதற்குக் கீழே ஆற்றின் குறுக்கே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர் என்று ஏழு கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஒரே தண்ணீர் ஏழு முறை டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழே வருகிறது. பொறியியலாகப் பார்த்தால் அழகான ஏற்பாடு. புகையில்லை, நிலக்கரியில்லை.

இப்போது ஒரு மீனாக மாறி, கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து மேலே பாருங்கள். கீழணை, முக்கொம்பு மேலணை, மாயனூர் கதவணை, ஜேடர்பாளையம், ஏழு மின் கதவணைகள், கடைசியில் மேட்டூர். குறைந்தது 12 தடுப்புகள். அரசலாறு வழியாக வரலாமே என்றால், கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரிந்து காரைக்கால் வரும் அந்த ஆற்றிலும் வழி நெடுக சட்ரஸ்கள்.

இவற்றையெல்லாம் இடிக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எல்வா ஆற்றில், மீன் வழியே இல்லாமல் கட்டிய இரண்டு அணைகளை 2011 முதல் 2014-க்குள் உடைத்தெடுத்தார்கள். சால்மன் திரும்பி வந்தது. அங்கே அது சாத்தியம். மேட்டூரை நம்பி ஒரு டெல்டாவே இருக்கிறது. எங்கள் அப்பா இருக்கிறார். ஜூன் 12 என்றால் மற்றவர்களுக்கு ஒரு தேதி. எங்கள் வீட்டில் அன்று டிவி ரிமோட் அப்பாவிடம்தான் இருக்கும், மேட்டூர் திறக்கிறார்களா என்று பார்க்க.

யானாமுக்கு வரும் மீன்

காரைக்காலைப் போலவே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டு யானாம். ஆந்திரத்துக்குள், கோதாவரிக் கரையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் அங்கிருந்து ஒரு செய்தி வரும். புலசா ஒன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது என்று. நானே எழுதியிருக்கிறேன். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று தெலுங்கில் பழமொழியே உண்டு.

அது நம் உல்லம்தான். ஒரே அரசாங்கத்தின் கீழ் இருக்கும் இரண்டு ஊர்கள். யானாமில் மீன் ஏலம். காரைக்காலில் மீனின் பெயரே என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது.

கோதாவரியில் தடுப்பு இல்லையா? இருக்கிறது. தவளேஸ்வரத்தில், அதே ஆர்தர் காட்டன் 1852-ல் கட்டி முடித்த அணைக்கட்டு. இப்போது அந்த இடத்தில் இருப்பது 1982-ல் முடிந்த புதிய தடுப்பணை. அதைத் தாண்டிப் புலசா மேலே போவது கஷ்டம். ஆனால், தடுப்பணைக்குக் கீழே, யானாம் வரை, கோதாவரி மழைக்காலத்தில் இன்றும் பெரும் வெள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்ணீரை நம்பி மீன் உள்ளே வருகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில், ஏணி இல்லாவிட்டாலும், அணையின் அடிவரைக்காவது மீன் வருகிறது.

கங்கையில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தது. அதற்கு முன்பு அலகாபாத்துக்கும் அப்பால்வரை ஏறிய இலிசா, அதற்குப் பிறகு தடுப்பணைக்கு மேலே அரிதாகிவிட்டது. அங்கே மீன்கள் ஏறுவதற்கென்று பூட்டு அமைப்பு கட்டியும் இந்த நிலைமை. பிறகு, புதிதாகக் கட்டும் கப்பல் பூட்டை இலிசா ஏறுவதற்கு ஏற்றபடி வடிவமைப்பதாக 2019-ல் அறிவித்தார்கள். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர், கீழே பிடித்த இலிசாக்களைத் தடுப்பணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கங்கையில் தண்ணீர் இருக்கிறது, வழிதான் அடைத்துக்கொண்டது. அதனால் அங்கே ஏணியைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

காவிரியில் முதலில் பேச வேண்டியது தண்ணீர்.

கணக்கில் இருக்கும் 4 டி.எம்.சி

தண்ணீர் என்றதும் காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த 7 தெரியும். காரைக்காலின் பங்கு அது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகவும் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆகவும் மாற்றியபோதும் அந்த 7 மாறவில்லை.

கூட்டிப் பாருங்கள். 419, 270, 30, 7. மொத்தம் 726. மீதி 14 எங்கே?

இதுவரை நான் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. அந்த 14-ல் 10 டி.எம்.சி சுற்றுச்சூழலுக்கு. 4 டி.எம்.சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் நீர்.

கடலுக்கு என்று ஒரு பங்கு சட்டப்படி இருக்கிறது. ஆனால், அதை எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். 'தவிர்க்க முடியாமல்'. நம் கையை மீறித் தப்பி ஓடும் தண்ணீர் என்ற தொனி. என் தலைப்பில் இருந்த 'வீணாக' என்ற சொல்லுக்கு அது தூரத்துச் சொந்தம்.

முகத்துவாரத்துக்குப் போதிய தண்ணீர் வராவிட்டால் என்ன நடக்கும் என்று மாமாவிடம் கேட்டிருந்தேன். "வா, காட்டுறேன்" என்று கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனார். அரசலாறு கடலில் சேரும் இடம். ஆறு தள்ளாவிட்டால் கடல் மணலைக் கொண்டுவந்து போடும். மணல் திட்டு ஏறினால் படகு தட்டும். அதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று மீனவர்கள் மனு கொடுப்பார்கள், மெஷின் வரும், மணல் மறுபடி சேரும். "ஆறு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஒழுங்கா வந்து தள்ளிட்டுப் போனா, அதுவே பாதி வேலையப் பாத்துடும்" என்றார். ஆறு தள்ளாத இடத்தில் கடல்நீர் உள்ளேயும் ஏறும். நிலத்தடி நீர் உப்பாகும். அப்போது பாதிக்கப்படுவது மாமா மட்டும் இல்லை, அப்பாவும்தான். டீக்கடைச் சண்டையில் இந்த இடம் வந்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்பாவிடம் கேட்டேன், 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று எழுதுவது தப்பா என்று. அவர் யோசித்தார். "வயல் காஞ்சு கிடக்கறப்ப பக்கத்து ஆத்துல வெள்ளம் கடலுக்குப் போனா வயிறு எரியும்டா. அந்த எரிச்சலும் நெசம்தான்" என்றார். அதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஜூனிலும் ஜூலையிலும் தண்ணீர் இல்லாமல் காத்திருந்து, ஆகஸ்ட்டில் ஒரே வாரத்தில் லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளிடத்தில் ஓடிப் போவதைப் பார்ப்பவருக்கு வேறு எந்தச் சொல் வரும்?

இரண்டு பேரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வர வேண்டிய காலத்தில், கடைசி வரை, தண்ணீர் வர வேண்டும். குறுவைக்கு ஜூனில் வேண்டும். உல்லம் ஆற்றைத் தேடும் காலமும் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. கடைமடை வயலுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வரும் ஆண்டில், முகத்துவாரத்துக்கும் கொஞ்சமாவது வரும்.

அதற்கு மேல் செய்ய முடிவதும் உண்டு. மழைக்காலத்தில் சில நாள்கள், ஒரு முழு வெள்ளத்தைக் கீழணையைத் தாண்டிக் கடல்வரை நிறுத்தாமல் விடலாம். உயரம் குறைந்த கீழணையிலும் கதவணைகளிலும் பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு நடக்கும்போது, தாவாத மீனும் நீந்தி ஏறும் சாய்வான வழியையும் சேர்த்துக் கட்டலாம். இறங்கும் மீன் டர்பைனுக்குள் போகாமல் கம்பித் தடுப்பும் மாற்று வழியும் வைக்கலாம். மேட்டூரில் ஏணி என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

உலக அளவில் இது சின்ன விஷயம் இல்லை. இடம்பெயரும் நன்னீர் மீன்களின் எண்ணிக்கை 1970-க்கும் 2020-க்கும் இடையே சராசரியாக 81 சதவிகிதம் சரிந்திருப்பதாக, 2024-ல் வெளியான சர்வதேச அறிக்கை சொன்னது. இதற்காகவே 2014 முதல் உலக மீன் வலசை தினம் என்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். எங்கள் டெஸ்க் காலண்டரில் சாக்லேட் தினம் இருக்கிறது. இது இல்லை.

ஒரு சொல்லை எடுத்துவிட்டேன்

2025-ல் மேட்டூர் ஜூன் 12-ம் தேதியே திறந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அணை மறுபடி நிரம்பியது. உபரி நீர் கொள்ளிடத்துக்கு வந்தது. மாலை ஷிஃப்ட்டில் நான்தான் இருந்தேன். விரல் பழக்கத்தில் 'வீ' என்று தட்டியது. அழித்தேன்.

'கொள்ளிடத்தில் பெருக்கெடுத்த காவிரி… கடலைச் சென்றடைந்த உபரி நீர்' என்று வைத்தேன்.

சீனியர் எட்டிப் பார்த்தார். "'வீணாக' போட்டா இன்னும் கொஞ்சம் ஓடுமேப்பா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். மாமா, உல்லம், 4 டி.எம்.சி எல்லாம். கேட்டுவிட்டு, "சரி, இருக்கட்டும். ஆனா, தண்ணி வராத விவசாயி குரலையும் உள்ளே சேத்துடு" என்றார். சேர்த்தேன். அவர் சொன்னது சரி. க்ளிக் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது.

அப்பா வழக்கம்போல எல்லா குரூப்புக்கும் லிங்க் அனுப்பினார். இரவு பத்து மணிக்கு மாமாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். இந்த முறை எட்டு நொடிதான்.

"தலைப்பு சரியா இருக்கு மாப்ள. தண்ணியும் வருது. மீனுதான் இன்னும் வரல. வந்தா சொல்றேன், நீ வீடியோ எடுக்க வா."